கடலடிச் சேறும் நம் வயல் சேறும்

(வானொலி பண்ணை நிகழ்ச்சியில் ஒலிபரப்பான பேச்சு)



நட்டு இருபது நாள் ஆன நெல் வயலில் களை எடுக்க இறங்குகிறீர்கள். கால் சேற்றில் அழுந்துகிறது. காலை எடுத்துவிட்டு அந்தக் குழியைப் பாருங்கள். மேலே ஆடை போல மெல்லிய பழுப்பு நிறம். அதற்குக் கீழே கன்னங்கரேலென்று சேறு. கூடவே அழுகின முட்டை மாதிரி ஒரு வாடை. "சேறு கெட்டுக் கெடக்கு"ன்னு சொல்லிவிட்டு நாம் வேலையைப் பார்ப்போம். ஆனால் மேலே ஏன் பழுப்பு, உள்ளே ஏன் கருப்பு, அந்த வாடை எங்கிருந்து வருகிறது என்று விளங்கிக்கொண்டால், கடலுக்கடியில் ஆயிரம் மீட்டர் ஆழத்தில் நடக்கிற காரியமும் விளங்கிவிடும்.

"எங்க வயலை விட்டுட்டுக் கடலுக்கு ஏன் போறீங்க?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். உங்கள் ஆயில் இன்ஜினில் ஊற்றுகிற டீசல் அந்தக் காலத்துக் கடலடிச் சேற்றிலிருந்து வந்தது. நீங்கள் போடுகிற உரத்தில் பயிர் எடுத்தது போக வடிகிறதில் ஒரு பங்கு, வாய்க்கால் வழியே கடலுக்குத்தான் போகிறது. வரவும் செலவும் இருக்கிற இடத்தின் கணக்கைத் தெரிந்துகொள்வதில் தப்பில்லையே.

மக்குவது எப்படி?

செத்த பொருள் எதுவானாலும், இலையோ, வைக்கோலோ, மீனோ, அதைத் தின்று மக்க வைப்பது கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். தின்பதற்கு அவற்றுக்கும் மூச்சு வேண்டும். மூச்சுக்குப் பிராணவாயு வேண்டும். ஒரு லிட்டர் காற்றில் 210 மில்லி லிட்டர் பிராணவாயு இருக்கிறது. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான கடல் நீரிலோ 5 மில்லி லிட்டர்கூட இல்லை. அந்தக் கொஞ்சமும் சேற்றுக்குள் இறங்குவது கடினம். கரையோரக் கடலின் சேற்றில் மேலே சில மில்லி மீட்டர் வரைதான் பிராணவாயு எட்டுகிறது. உங்கள் வயலின் பழுப்பு ஆடையும் அவ்வளவுதானே இருக்கிறது? இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்.

அந்த ஆடைக்குக் கீழே காற்று இல்லை. ஆனாலும் நுண்ணுயிர்கள் சும்மா இருப்பதில்லை. அரிசி தீர்ந்த வீட்டில் கேழ்வரகு சமைப்போம். அதுவும் தீர்ந்தால் கிழங்கை அவிப்போம். அதே மாதிரிதான் இங்கேயும். பிராணவாயு தீர்ந்ததும் நைட்ரேட்டை வைத்து மூச்சுவிடுகிற இனம் வேலைக்கு வரும். அது தீர்ந்தால் மாங்கனீசு, பிறகு இரும்புத் துரு. அதற்கும் பிறகு சல்பேட் என்கிற கந்தக உப்பு. எல்லாம் தீர்ந்த பின் கடைசியாக மீத்தேன் வாயு உண்டாக்குகிற இனம். சாண எரிவாயுக் கலத்தைக் காற்றுப் புகாமல் மூடி வைக்கிறோமே, அது இந்தக் கடைசி இனத்துக்காகத்தான்.

வயல் நீரில் கந்தக உப்பு குறைவு. அதனால் வயலில் சீக்கிரமே மீத்தேன் வரைக்கும் போய்விடுகிறது. கடல் நீரில் லிட்டருக்கு சுமார் 2.7 கிராம் சல்பேட் இருக்கிறது. அதனால் கடலடிச் சேற்றில் கந்தக உப்பைக் கொண்டு மூச்சுவிடுகிற இனத்துக்குத்தான் ராஜ்ஜியம். அது விடுகிற வாயுதான் ஹைட்ரஜன் சல்பைடு. அழுகின முட்டை வாடை அதுதான். அந்த வாயு இரும்போடு சேர்ந்தால் சேறு கருக்கும். உங்கள் காலடியில் பார்த்த கருப்பும் அதுவே.

எது மக்கும், எது மிஞ்சும்?

காற்று இல்லாவிட்டால் எதுவுமே மக்காது என்று நினைத்துவிடக் கூடாது. பூக்கும் முன்பே தக்கைப்பூண்டை மடக்கி உழுது தண்ணீர் கட்டினால், பத்து நாளில் ஆள் அடையாளம் தெரியாமல் போய்விடுகிறது. அதே சேற்றில் ஒரு வேலிக்கட்டை கிடந்தால் வருஷக்கணக்கில் அப்படியே கிடக்கும். இளசான பொருளில் உள்ள சர்க்கரையும் புரதமும் காற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் கரைந்துவிடும். முற்றின மரச்சத்து, சில வகைக் கொழுப்பு இவற்றை உடைப்பதற்குத்தான் பிராணவாயு கட்டாயம் வேண்டும். ஆகவே காற்றில்லாத சேற்றில் மிஞ்சுவது முக்கியமாக இந்தக் கடினச் சரக்கு.

கடலின் மேல்மட்டத்தில் வெயில் படுகிற இடத்தில் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் வளர்கின்றன. கடலுக்கு அவைதான் பயிர். அவை செத்து மழைத் தூறல் போலக் கீழே இறங்குகின்றன. வழியிலேயே பெரும்பகுதி தின்னப்பட்டுவிடும். அடியில் விழுந்ததிலும் பெரும்பகுதி தின்னப்படும். மேலே விளைந்ததில் நூற்றுக்கு ஒரு பங்குகூட நிரந்தரமாகப் புதைவதில்லை. அந்த ஒரு பங்கு எங்கே கூடும், எங்கே குறையும் என்பதுதான் இன்றைய பேச்சு.

இரண்டு கடல், இரண்டு கதை

கன்னியாகுமரியிலிருந்து மேற்கே போனால் அரபிக் கடல், கிழக்கே போனால் வங்கக் கடல். பார்க்க ஒரே நீலம். அடிச் சேறு வேறு வேறு.

அரபிக் கடலில் தென்மேற்குப் பருவக் காற்று வீசும்போது, ஓமன், சோமாலியா கரையோரமாக ஆழத்து நீர் மேலே கிளம்பி வருகிறது. அந்த நீரில் தழைச்சத்தும் மணிச்சத்தும் நிறைய. மேலுரம் போட்ட வயல் மாதிரி பாசி கொழிக்கிறது. கொழித்ததெல்லாம் செத்துக் கீழே இறங்குகிறபோது, அதைத் தின்கிற நுண்ணுயிர்கள் நீரில் உள்ள பிராணவாயுவையும் தீர்த்துவிடுகின்றன. வடக்கே நிலம் அடைத்து நிற்பதால் அந்தப் பக்கமிருந்து புது நீர் வர வழியில்லை. ஆகவே சுமார் 150 மீட்டருக்குக் கீழே தொடங்கி 1000 மீட்டர் வரை, கடலின் நடுவயிற்றில் பிராணவாயு அனேகமாக இல்லாத ஒரு பெரிய அடுக்கு நிற்கிறது. அதற்கும் கீழே தென்துருவப் பக்கமிருந்து ஊர்ந்து வருகிற குளிர்ந்த நீர் இருக்கிறது; அதில் மறுபடி பிராணவாயு உண்டு.

இந்தியாவின் மேற்குக் கரைக்கு அப்பால், அந்தக் காற்றில்லாத அடுக்கு கடலடிச் சரிவைத் தொடுகிற இடத்துச் சேற்றை ஆராய்ந்தார்கள். அதில் அங்ககக் கரிமம் 4 சதத்துக்கும் மேல் இருக்கிற இடங்கள் உண்டு. உங்கள் மண் பரிசோதனை அட்டையை எடுத்துப் பாருங்கள். 0.5 சதத்துக்குக் கீழே இருந்தால் 'குறைவு', 0.75க்கு மேலே இருந்தால் 'அதிகம்' என்று எழுதுகிறார்கள். அப்படியானால் 4 சதம் எவ்வளவு பெரிய சேமிப்பு என்று நீங்களே கணக்குப் போடலாம்.

வங்கக் கடலின் கதை வேறு. கங்கை, பிரம்மபுத்திரா முதல் கோதாவரி, காவிரி வரை எத்தனையோ ஆறுகள் நல்ல தண்ணீரைக் கொண்டு கொட்டுகின்றன. அது எடை குறைந்த நீர். உப்பு நீர் மேல் மூடி போட்ட மாதிரி மிதக்கிறது. ஆழத்துச் சத்து மேலே வருவது குறைவு, பாசியும் அவ்வளவு கொழிப்பதில்லை. ஆனால் கங்கையும் பிரம்மபுத்திராவும் ஆண்டுக்குச் சுமார் 100 கோடி டன் வண்டலைக் கொண்டுவருகின்றன. இமயமலைக் காட்டு இலையும் வேரும் அந்த வண்டலோடு ஒட்டிக்கொண்டு வந்து, கடலடியில் வேகமாக மூடப்படுகின்றன. அங்கே ஆழத்து நீரில் பிராணவாயு உண்டு. இருந்தும் அது உள்ளே எட்டித் தின்பதற்குள் மேலே அடுத்த வண்டல் விழுந்துவிடுகிறது. உலகக் கடல்களில் புதைகிற நிலத்துக் கரிமத்தில் 10 முதல் 20 சதம் இந்த வங்கக் கடல் வண்டலில்தான் புதைகிறது என்று 2007-இல் கணக்கிட்டுச் சொன்னார்கள்.

எருக்குழி வைத்திருக்கிற உங்களுக்கு இது புதிதல்ல. குழியைத் திறந்துபோட்டுக் கிளறிக்கொண்டே இருந்தால் குப்பை சீக்கிரம் மக்கும், அளவும் குறையும். மண்ணைப் பூசி மூடிவிட்டால் மெல்ல மக்கும், அதிகம் மிஞ்சும்.

சேறு மிஞ்சுவதற்குக் காரணம் காற்றுக் குறைவா, விழுகிற பொருளின் மிகுதியா என்று 1990-களில் விஞ்ஞானிகளுக்குள் பெரிய வாதம் நடந்தது. இரு கட்சிக்கும் அரபிக் கடலே சாட்சி. 1998-இல் ஹில்லரி ஹார்ட்னெட் முதலிய நான்கு பேர், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் கரையிலும் மெக்சிகோவின் மேற்குக் கரையிலும் சேறெடுத்துப் பார்த்து ஒரு கணக்கைச் சொன்னார்கள். நீரில் எவ்வளவு பிராணவாயு என்பது மட்டும் போதாது. விழுந்த பொருள் எத்தனை காலம் பிராணவாயு படும்படி கிடந்தது என்று பார்க்க வேண்டும். அந்தக் காலம் குறையக் குறைய மிஞ்சுவது கூடுகிறது. அரபிக் கடல் சரிவில் காற்றே இல்லாததால் அந்தக் காலம் குறைவு. வங்கக் கடலில் வண்டல் சீக்கிரம் மூடுவதால் குறைவு. வழி இரண்டு, முடிவு ஒன்று.

சேற்றுக்குள் ஒரு பஞ்சாங்கம்

காற்றுள்ள கடலடியில் புழுக்கள் உண்டு. நம் மண்புழு மாதிரியே சேற்றைக் குடைந்து மேல்மண்ணைக் கீழும் கீழ்மண்ணை மேலுமாகப் புரட்டும். அந்த வளை வழியே காற்றும் உள்ளே போகும். பிராணவாயு தீர்ந்த இடத்தில் புழு வாழாது. புரட்ட ஆளில்லாததால் சேறு விழுந்தது விழுந்தபடி, ஏடு ஏடாகக் கிடக்கும். பாகிஸ்தானில் கராச்சிக்கு எதிரே உள்ள கடல் சரிவில் இப்படி ஆண்டுக்கு ஒரு வெளிறிய ஏடு, ஒரு கருத்த ஏடு என்று அடுக்கியிருக்கிறது. அதைத் தோண்டி எடுத்து ஏடு ஏடாகப் புரட்டி, பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பருவமழை எப்படி இருந்தது என்று படிக்கிறார்கள்.

அடியில் காற்றே இல்லாத கடல் ஒன்று உண்டு. ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் நடுவே கருங்கடல். சுமார் 150 மீட்டருக்குக் கீழே பிராணவாயு இல்லை, ஹைட்ரஜன் சல்பைடுதான். பல்கேரியா கரைக்கு அப்பால் 2 கிலோ மீட்டர் ஆழத்தில் ஒரு மரக் கப்பல் கிடப்பதாக 2018-இல் அறிவித்தார்கள். வயது சுமார் 2,400 ஆண்டு. பாய்மரம் நின்றபடி, துடுப்புப் போடுகிறவர் உட்காரும் பலகைகூட அப்படியே. நம் ஊர்க் கடலாக இருந்தால் மரத்தைத் துளைக்கிற கப்பற்புழு சில வருஷத்தில் தின்று தீர்த்திருக்கும்.

டீசலுக்கு வருவோம். இங்கிலாந்துக்கும் நார்வேக்கும் நடுவே உள்ள வடகடலில் எடுக்கிற எண்ணெய், சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன் காற்றுக் குறைந்த கடலடியில் சேர்ந்த கருஞ்சேற்றிலிருந்து உண்டானது. பாசி செத்து, மக்காமல் மிஞ்சி, மேலே மண் மூடி, பூமிச் சூட்டில் வெந்து எண்ணெயாயிற்று. இன்னொரு வரவும் உண்டு. மக்குகிற ஒவ்வொரு பொருளும் பிராணவாயுவைச் செலவழிக்கிறது. மக்காமல் புதைந்தால் அந்தப் பிராணவாயு செலவாகாமல் காற்றில் நின்றுவிடும். இப்படிக் கோடிக்கணக்கான ஆண்டுகளாக மிஞ்சினதைத்தான் நாம் இன்று மூச்சாக இழுக்கிறோம்.

அப்படியானால் நல்லதுதானே?

இங்கே ஒரு கேள்வி வரும். "கடலில் காற்றுக் குறைந்தால் கரிமம் புதையும், அது நல்லதுதானே?" என்று. இல்லை. கடலடியில் எண்ணெய் சேர்ந்த கணக்கு கோடி ஆண்டுக் கணக்கு. மீன் சாகிற கணக்கு ஒரே பருவத்துக் கணக்கு.

காற்றுத் தீர்ந்த நீரில் மீனும் இறாலும் நிற்காது. ஓட முடிந்தது ஓடும், முடியாதது சாகும். அங்கே நைட்ரேட்டை வைத்து மூச்சுவிடுகிற இனம் தழைச்சத்தைக் காற்றாக்கி விரயம் செய்யும். உலகத்தின் திறந்த கடலில் இந்த விரயம் பெரிய அளவில் நடக்கிற மூன்று இடங்களில் அரபிக் கடல் ஒன்று. மணிச்சத்தின் கதை இன்னும் மோசம். நெல் வயலில் தண்ணீர் கட்டினால் மண்ணில் கட்டுண்ட மணிச்சத்து இளகிக் கொடுக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். துருவாக இருக்கிற இரும்பு மணிச்சத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. காற்றுப் போனதும் கையை விட்டுவிடுகிறது. கடலடியிலும் அதேதான். விடுபட்ட மணிச்சத்து மேலே வந்து இன்னும் பாசியை வளர்க்கும். பாசி செத்து இன்னும் காற்றைத் தின்னும். வட்டிக்கு வட்டி போடுகிற கடன் மாதிரி.

இந்தக் கடனை மனிதன் கையாலே வாங்கின இடம் உண்டு. அமெரிக்காவில் மிசிசிப்பி ஆறு மக்காச்சோளம், சோயா விளைகிற பெரும் பரப்பின் வடிநீரைக் கொண்டுபோய் மெக்சிகோ வளைகுடாவில் விடுகிறது. அந்த வடிநீரில் வயல்களுக்குப் போட்ட தழைச்சத்தும் மணிச்சத்தும் போகின்றன. ஒவ்வொரு கோடையிலும் அங்கே கடலடி நீரில் காற்றுக் குறைந்து, மீன் நிற்காத பரப்பு உண்டாகிறது. 1985 முதல் அளந்து வருகிறார்கள். 2017-இல் அது சுமார் 22,700 சதுர கிலோ மீட்டர். தமிழ்நாட்டின் பரப்பில் ஆறில் ஒரு பங்குக்கும் மேல்! அங்கே வலை போடுகிறவர் வேறு, உரம் போட்டவர் வேறு. உரம் போட்டவருக்கும் லாபமில்லை. காசு கொடுத்து வாங்கின மூட்டைதானே ஆற்றோடு போனது!

உலகக் கடல்கள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், 1960 முதல் 50 ஆண்டுகளில் பிராணவாயு 2 சதத்துக்கும் மேல் குறைந்துவிட்டது என்று 2017-இல் கணக்குச் சொன்னார்கள். கடல் சூடேறுவது இதற்கு முக்கியக் காரணம். சூடான நீரில் காற்றுத் தங்குவது குறைவு. கரையோரத்தில் உரமும் சாக்கடையும் சேர்ந்துகொள்கின்றன.

நம் கையில் இருப்பது

கடலைச் சூடேறாமல் தடுக்க உங்களால் தனியே முடியாது. ஆனால் உங்கள் மடை உங்கள் கையில்.

ஒன்று: யூரியாவைத் தேங்கின நீரில் வீசாதீர்கள். மேலே பழுப்பு ஆடையில் தங்குகிற யூரியா நைட்ரேட்டாக மாறும். அது கீழே கசிந்து கருப்புச் சேற்றுக்குப் போனதும் நுண்ணுயிர்கள் அதை வைத்து மூச்சுவிட்டுக் காற்றாக்கிவிடும். அரபிக் கடலில் நடக்கிற அதே விரயம் உங்கள் அரை ஏக்கரிலும் நடக்கிறது. நீரை வடித்துவிட்டு, சேற்றோடு சேரும்படி உரத்தைப் போட்டு, பிறகு நீர் கட்டுங்கள். இப்போது கடையில் வேப்பெண்ணெய் பூசின யூரியா வருகிறது. நைட்ரேட்டாக மாறுகிற வேகத்தைத் தணிப்பதற்குத்தான் அந்தப் பூச்சு.

இரண்டு: உரத்தைப் பிரித்துப் போடுங்கள். இலை வண்ண அட்டையை வைத்துப் பயிரைக் கேட்டுப் போடுங்கள். மழை கறுத்து நிற்கிற நாளில் மூட்டையைப் பிரிக்காதீர்கள். போட்ட பின் சில நாளைக்கு மடையை அடைத்து வையுங்கள்.

மூன்று: காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டுங்கள். நிலம் லேசாக வெடிக்கிறபோது சேற்றுக்குள் காற்றுப் போகும், கெட்ட வாயு வெளியேறும், மீத்தேன் குறையும். வேர் வெள்ளையாக ஓடும். கருத்த வேரைப் பிடுங்கி முகர்ந்து பார்த்தால் அந்த முட்டை வாடை வரும்; அது பயிர் மூச்சுத் திணறுகிறதன் அடையாளம்.

நான்கு: கரையோரத்தில் இறால் குளம் வைத்திருக்கிறவர்கள், அறுவடைக்குப் பின் குளத்தைக் காயப்போடுங்கள். தீவன மிச்சம் சேர்ந்த கருஞ்சேற்றை வழித்துத் தனியே கொட்டுங்கள். வாய்க்காலில் தள்ளிவிட்டால் அது கழிமுகத்தில் மறுபடி காற்றைத் தின்னும். அடுத்த தடவை நீங்கள் இறைத்துக்கொள்ளப் போகிற நீரும் அந்தக் கழிமுகத்து நீர்தானே!

அடுத்த முறை வயலில் கால் வைக்கும்போது, அந்தக் குழியை ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். மேலே மூச்சுள்ள ஆடை, கீழே மூச்சில்லாத கருப்பு. கடலுக்கடியிலும் அதே இரண்டுதான். அந்த ஆடை தடித்திருக்கிறதா, மெலிந்திருக்கிறதா என்பதில்தான் கடலில் மீன் இருக்கும் இடமும், வயலில் வேர் ஓடும் ஆழமும் அடங்கியிருக்கின்றன. உங்கள் மடையை நீங்கள் பார்த்துக்கொண்டால், கடைமடைக்கு அப்பால் வலை போடுகிறவரின் பிழைப்பையும் நீங்கள் பார்த்துக்கொண்ட மாதிரி.